குழந்தையின் கையைக் கட்டாதீர்கள்

(பெற்றோர் கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)



இன்று மாலை என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், சிறு குழந்தைகளுக்கு வீட்டிலேயே, விளையாட்டாகவே, கையால் செய்து பார்த்து அறிவு வளரும்படி செய்வது எப்படி என்பதாகும். இதைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பது நியாயமே. நான் பட்டம் பெற்றவனல்ல. எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, சைக்கிள் ரிப்பேர் கடைக்குப் பஞ்சர் ஒட்டப் போனவன். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் வாசகசாலையிலும், பழைய புத்தகக் கடையிலும், இம்மாதிரிக் கூட்டங்களிலும்தான். ஆனால் எனக்கு ஒரு பெண்ணும் ஒரு பையனும் இருக்கின்றார்கள். அவர்களை வளர்ப்பதில் நான் செய்த தப்பும், பிறகு கற்றுக்கொண்டதும் உங்களுக்கு உபயோகப்படலாம் என்றே பேச ஒப்புக்கொண்டேன். நான் சொல்லுவதை அப்படியே நம்ப வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள், சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

சொம்புக்கு வெளியே வந்த தண்ணீர்

எனக்கு ஒன்பது வயதிருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட ஒரு அதிகாரி வந்தார். அவருக்காகக் கடையில் ஐஸ் வாங்கிவந்து, ஒரு பித்தளைச் சொம்புத் தண்ணீரில் போட்டு மேஜைமேல் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சொம்பின் வெளிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் அரும்பி, வழிந்து, மேஜையெல்லாம் ஈரமாகிவிட்டது. அதிகாரி போனபிறகு நான் எழுந்து, "சார், சொம்பில் ஓட்டை இல்லையே, தண்ணீர் எப்படி வெளியே வந்தது?" என்று கேட்டேன். உபாத்தியாயர் என் தலையில் இரண்டு குட்டுக் குட்டி, "அதிகப்பிரசங்கி! உட்காரடா!" என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது.

அன்றைக்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இன்னும் நாலைந்து வருஷம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இருபது வயதுக்கு மேல்தான், வாசகசாலையில் கிடைத்த ஒரு புத்தகத்தில் பதிலைப் பார்த்தேன். காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் நீராவி கலந்திருக்கின்றது, அது குளிர்ந்த சொம்பின்மேல் படும்போது தண்ணீர்த் துளியாகிவிடுகின்றது, அவ்வளவுதான். இந்த நாலு வார்த்தை எனக்குக் கிடைக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த உபாத்தியாயரைக் குறை சொல்லுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவரையும் யாரோ குட்டித்தான் வளர்த்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது, அந்தக் குட்டு பள்ளிக்கூடத்தில் ஆரம்பிப்பதில்லை. வீட்டிலேதான் ஆரம்பிக்கின்றது என்பதே.

வீட்டில் நடப்பது என்ன?

நடக்கக் கற்ற குழந்தை என்ன செய்கின்றது? கண்டதையெல்லாம் தொடுகின்றது; இழுக்கின்றது; கவிழ்க்கின்றது; பேச்சு வந்துவிட்டாலோ "இது என்ன? அது ஏன்?" என்று ஓயாமல் கேட்கின்றது. அதற்கு நாம் என்ன செய்கின்றோம்? "தொடாதே" என்கின்றோம்; "பேசாதே" என்கின்றோம்; அடங்காவிட்டால் "பூச்சாண்டி வருவான்" என்கின்றோம். இப்போது அந்தக் கஷ்டமும் இல்லை. கைப்பேசியைக் கையில் கொடுத்து ஒரு மூலையில் உட்காரவைத்துவிடுகின்றோம். குழந்தை சத்தம் போடாமல் இருந்தால் "வெகு சமத்து" என்று அக்கம் பக்கத்தில் பெருமையும் பேசிக்கொள்ளுகின்றோம். வாயையும் கையையும் கட்டிவிட்டு, அதற்குச் சமத்து என்று பேர் வைத்திருக்கின்றோம்.

பிறகு மூன்று வயதானதும், "படிப்பு வரவேண்டுமே" என்று, வட்டிக்குக் கடன் வாங்கியாவது எல்.கே.ஜி.யில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றோம். ஊரிலுள்ள பால்வாடியில் சேர்த்தாலோ, "அங்கே விளையாடத்தான் விடுகின்றார்கள், படிப்பு ஒன்றும் இல்லை" என்று புகார் சொல்லுகின்றோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். என் பெண்ணை நாலு வயதில் அப்படி ஒரு பள்ளியில் போட்டு, அவள் நூறு வரையில் கடகடவென்று ஒப்புவிப்பதைக் கேட்டுப் பூரித்துப் போனேன். ஒருநாள் கடையில், "ஏழு நட்டு எடுத்துக்கொண்டு வா" என்றேன். கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். நூறு வரையில் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு ஏழு என்றால் என்னவென்று தெரியவில்லை! குற்றம் குழந்தையுடையதல்ல. வாய்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, கைக்கு ஒன்றும் கொடுக்காமல் விட்டது என் குற்றம்.

விளையாட்டுக்குத் தடை போட்ட சர்க்கார்

விளையாட்டும் கைவேலையும்தான் சிறு குழந்தைக்குப் படிப்பு என்பது என்னுடைய கண்டுபிடிப்பல்ல. ஜெர்மனியில் பிரோபெல் என்பவர், 1837-ம் வருஷத்தில் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கென்று ஒரு விளையாட்டுச் சாலை வைத்து, பந்து, மரக்கட்டை, உருளை முதலியவைகளைக் கொடுத்துக் கற்பித்தார். 1840-ல் அதற்கு "கிண்டர்கார்ட்டன்", அதாவது குழந்தைகள் தோட்டம் என்று பெயரிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், 1851-ல் பிரஷ்ய சர்க்கார் இந்தக் குழந்தைகள் தோட்டங்களுக்குத் தடை போட்டுவிட்டது. என்ன குற்றம் என்கின்றீர்கள்? நாஸ்திகத்தையும் சமதர்மத்தையும் பரப்புகின்றன என்பதுதான் குற்றம்! பிரோபெலோ நல்ல கடவுள் பக்தி உள்ளவர். அவர் அடுத்த வருஷமே இறந்துபோனார். 1860-ல்தான் தடையை நீக்கினார்கள். மரக்கட்டையை அடுக்கிப் பார்க்கும் குழந்தையைக் கண்டு ஒரு சர்க்கார் ஏன் பயப்படவேண்டும்? யோசித்துப் பாருங்கள்.

பிறகு இத்தாலியில் மாண்டிசோரி என்னும் டாக்டர் அம்மையார், 1907-ல் ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர்கள் குடியிருந்த பகுதியில் குழந்தைகள் வீடு ஒன்றைத் திறந்து, வரிவடிவத்தை விரலால் தடவிப் பார்த்து எழுத்தறியும் முறையைக் கையாண்டார். அவர் 1939-ல் நம் சென்னை அடையாற்றுக்கே வந்து உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் மணலில்தான் விரலால் எழுதவைத்தார்கள். மணலில் எழுதியது நல்ல முறை. கூடவே பிரம்பு வைத்திருந்ததுதான் கெட்ட முறை.

இவர்களுடைய சாமான்களை விலைகொடுத்து வாங்க நம்மால் ஆகாது, வாங்கவும் வேண்டியதில்லை. நம் அடுப்படியில் இருப்பதே போதும்.

காசில்லாத பள்ளிக்கூடம்

முதலாவது, கணக்கு. புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். "பாட்டிக்கு நாலு, உனக்கு நாலு" என்று பங்கிடச் சொல்லுங்கள். பத்துப் பத்தாகக் குவித்து வைக்கச் சொல்லுங்கள். பல்லாங்குழி இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்துக்கு 7 ஆக 14 குழி. குழிக்கு 5 வீதம் போட்டால் 70. ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்காமலே ஐந்தாம் வாய்ப்பாடு கைக்கு வந்துவிடும். இவ்வளவு நல்ல கணக்குப் பலகையை, "பெண்கள் பொழுதுபோக்கு" என்று நாம் பரணில் போட்டு வைத்திருக்கின்றோம்.

இரண்டாவது, அளவு. ஒரே மாதிரியான இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, "எதில் அதிகம்?" என்று கேளுங்கள். "இரண்டும் ஒன்று" என்று குழந்தை சொல்லும். பிறகு ஒரு டம்ளர்த் தண்ணீரை அதன் கண்ணெதிரிலேயே ஒல்லியான உயரமான பாட்டிலில் ஊற்றிவிட்டுக் கேளுங்கள். நாலைந்து வயதுக் குழந்தை, "பாட்டிலில்தான் அதிகம்" என்று அடித்துச் சொல்லும். சுவிட்சர்லாந்து தேசத்துப் பியாஜே என்னும் அறிஞர் இதை விரிவாக ஆராய்ந்து, ஏறக்குறைய ஏழு வயதுவாக்கில்தான் உயரம் மாறினாலும் அளவு மாறாது என்ற அறிவு குழந்தைக்கு வருகின்றது என்று காட்டியிருக்கின்றார். ஆகவே, "மண்டு" என்று திட்டாதீர்கள். திருப்பி டம்ளரில் ஊற்றச் சொல்லுங்கள். மறுபடியும் பாட்டிலில் ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றி ஊற்றிப் பார்த்து அதுவே ஒருநாள் "ஒன்றுதான்" என்று சொல்லட்டும். நீங்கள் சொல்லி அது ஒப்புக்கொள்ளுவதற்கும், தானே கண்டு சொல்லுவதற்கும் வெகு வித்தியாசம் உண்டு.

மூன்றாவது, விதை. மூன்று கொட்டாங்கச்சியில் பஞ்சையோ துணியையோ போட்டு, பச்சைப் பயறு தூவுங்கள். ஒன்றுக்குத் தண்ணீர் தெளித்து வெளிச்சத்தில் வையுங்கள். இன்னொன்றுக்குத் தண்ணீர் தெளித்து இருட்டான பெட்டிக்குள் வையுங்கள். மூன்றாவதற்குத் தண்ணீரே வேண்டாம். வைக்கும்போதே, "எது உயரமாக வளரும்?" என்று குழந்தையையும் கேளுங்கள், வீட்டிலுள்ள பெரியவர்களையும் கேளுங்கள். வெளிச்சத்தில் இருப்பதுதான் என்று எல்லோரும் சொல்லுவார்கள். ஐந்தாறு நாள் கழித்துத் திறந்து பாருங்கள். இருட்டில் இருந்தது வெளிச்சத்தில் இருந்ததைவிட உயரமாக, ஆனால் மஞ்சள் பாய்ந்து, வெளிறி, நிற்க மாட்டாமல் சாய்ந்து கிடக்கும். வெளிச்சத்தில் இருந்தது குட்டையாக, பச்சையாக, உறுதியாக நிற்கும். வெளிச்சத்தைத் தேடி, விதையில் இருந்த சத்தையெல்லாம் உயரத்திலேயே செலவழித்துவிட்டது என்று அப்போது சொல்லலாம். தாத்தாவும் தோற்றார், அப்பாவும் தோற்றார், பயறு ஜெயித்தது என்று குழந்தை கைதட்டும். பெரியவர்களும் தப்பாக நினைக்கக்கூடும் என்பதை ஒரு குழந்தை அவமரியாதை இல்லாமல் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நாலாவது, நிழல். வாசலில் ஒரு குச்சியை நேராக நட்டு, காலையிலிருந்து மணிக்கொருதரம் நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வைக்கச் சொல்லுங்கள். நிழல் குறுகிக் குறுகி, உச்சிப் பொழுதில் மிகவும் சிறுத்து, பிறகு மறுபக்கம் நீளும். சென்னையில் ஏப்ரல் 24-ந் தேதி வாக்கில் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்குமேல் வருவதால் குச்சிக்கு நிழலே இராது. தெற்கே போகப்போக அந்த நாள் சில தினங்கள் முந்தி வரும். உச்சி வேளையில் புளியமரத்தடியில் பேய் வரும் என்று நம்மைப் பயமுறுத்தி வளர்த்தார்கள். அதே உச்சி வேளையில் உங்கள் குழந்தை கூழாங்கல்லோடு வாசலில் நின்று நிழலை அளக்கட்டும். பேய் இல்லையென்று நீங்கள் பிரசங்கம் செய்யவேண்டிய அவசியமே இராது. ஆனால் சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

ஐந்தாவது, மஞ்சள். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைக் காகிதத்தில் பூசி உலர்த்துங்கள். சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து அதில் எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். அதன்மேல் எலுமிச்சம் சாறு தடவினால் சிவப்பு மறைந்து மஞ்சளாகிவிடும். ஆலம் சுற்றும் தண்ணீர் சிவப்பாவதும் மஞ்சளும் சுண்ணாம்பும் சேருவதால்தான். இதை ஐந்து வயதில் தன் கையால் செய்து பார்த்த குழந்தை, பிற்காலத்தில் எவனாவது மஞ்சள் தண்ணீரை இரத்தமாக்கிக் காட்டித் தட்டை நீட்டினால், சில்லறையைத் தேடுமா, அல்லது "ஐயா, சுண்ணாம்பை எங்கே வைத்திருந்தீர்?" என்று கேட்குமா?

எப்படிச் செய்வது?

இவற்றைச் செய்வதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கேட்பது, குழந்தை தனக்குத் தோன்றியதைச் சொல்லட்டும். பிறகு செய்வது, அதன் கையாலேயே செய்யட்டும், சிந்தினால் சிந்தட்டும், துடைக்கவும் அதுவே கற்றுக்கொள்ளட்டும். பிறகு பார்ப்பது. கடைசியாகத்தான் நாம் பேசுவது. நாம் இதைத் தலைகீழாக மாற்றி, முதலிலேயே பதிலைச் சொல்லிவிட்டு, "எங்கே, திருப்பிச் சொல்லு" என்கின்றோம். அது கிளிக்குச் செய்கின்ற காரியம். குழந்தை கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது, வா, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லுவதில் தகப்பனுக்கு ஒரு மரியாதையும் குறைந்துபோகாது.

சில எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எதையும் வாயில் போட்டுக்கொள்ளும். புளியங்கொட்டை, பயறு, நட்டு இவைகளை அவர்களிடம் கொடுக்கக்கூடாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கண் கெட்டுவிடும். அதைப் பெரியவர்கள்தான் தொடவேண்டும். குழந்தைக்கு சோப்பு போதும். ஒரு வாளித் தண்ணீரானாலும் பக்கத்தில் ஆள் இல்லாமல் விடக்கூடாது.

இது குலக்கல்வி அல்லவா?

போன வாரம் ஒரு தோழர் என்னை மடக்கினார். "வீட்டிலே கைவேலை கற்றுக்கொள் என்று 1953-ல் ராஜாஜி மந்திரிசபை சொன்னபோது நாம் எதிர்த்தோம். இப்போது நீயே வீட்டில் கையால் கற்கச் சொல்லுகின்றாயே?" என்றார். நல்ல கேள்வி. பதில் சொல்லவேண்டிய கேள்வி.

1953-ம் வருஷத்துத் திட்டம் என்ன? கிராமத்து ஆரம்பப் பள்ளியில் படிப்பு நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளை தன் தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது. சிரைப்பவர் மகன் கத்தியையும், வெளுப்பவர் மகன் அழுக்கு மூட்டையையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் அதன் பலன். அதனால்தான் மக்கள் எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் மந்திரிசபை அதைக் கைவிட்டது. அந்தத் திட்டம் பிள்ளையின் கையைத் தகப்பன் தொழிலோடு சேர்த்துக் கட்டியது, படிப்பையும் குறைத்தது. நான் சொல்லுவது பள்ளி நேரத்தில் ஒரு நிமிஷத்தையும் குறைப்பதல்ல. பள்ளிக்குப் போகுமுன்பே பிள்ளையின் கையை அவிழ்த்துவிடுவது. குயவர் மகனும் மண் பிசையட்டும், குமாஸ்தா மகனும் மண் பிசையட்டும். தறிக்காரர் மகள் தராசு கட்டிப் பார்க்கட்டும். கடைக்காரர் மகன் விதை போடட்டும். ஒரு தொழிலைக் கற்றுப் பிழைப்பதற்காக அல்ல. எந்தப் பொருளையும் பார்த்து, தொட்டு, ஏன் என்று கேட்டு அறிவதற்காக. கையால் வேலை செய்கின்றவன் கீழ், சும்மா உட்கார்ந்து ஒப்புவிக்கின்றவன் மேல் என்ற எண்ணமும் அந்த வயதிலேயே முளைக்காமல் போகும்.

பெண் குழந்தை, ஆண் குழந்தை என்ற பேதமும் இதில் கூடாது. பெண்ணுக்குச் சொப்பும் பொம்மையும், பையனுக்குச் சக்கரமும் சுத்தியலும் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, பிறகு "பெண்களுக்கு யந்திர மூளை கிடையாது" என்று சொல்லுவது, நடக்கவிடாமல் காலைக் கட்டிவைத்துவிட்டு நொண்டி என்பதைப் போன்றதே. என் மகன் சொப்பில் சோறு ஆக்குகின்றான். என் மகள் சைக்கிள் செயினை மாட்டுகின்றாள். வானம் இடிந்து விழவில்லை.

"வேலைக்குப் போய் வந்து, சமையலும் செய்கின்ற தாய்க்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று தாய்மார்கள் கேட்கலாம். உண்மைதான். ஆகவே இந்த வேலையைத் தகப்பன்மார்களுக்கே விடுகின்றேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உலகத்தையெல்லாம் திருத்துகின்ற நேரத்தில் அரைமணியை வீட்டிலே, தரையிலே, குழந்தையோடு உட்கார்ந்து செலவழித்தால் போதும். இதை முதலில் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் உங்களுக்குச் சொல்லுகின்றேன்.

முடிவாக

போன மாதம், வீட்டில் ஒரு எவர்சில்வர்ச் சொம்பில் ஐஸ் போட்டு வைத்தேன். என் மகள், இப்போது ஆறு வயது, நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். நாக்கு நுனிவரையில் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "நீ என்ன நினைக்கின்றாய்?" என்றேன். "உள்ளேயிருந்துதான் கசிகின்றது" என்றாள். "அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். அடுப்படிக்கு ஓடிப்போய் மஞ்சள் தூளை எடுத்துவந்து, சொம்புத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினாள். வெளியே இருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு, வெள்ளைத் துணியை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மறுபடியும் துளி அரும்பியது. துணியால் ஒற்றிப் பார்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. "அப்பா, உள்ளேயிருந்து வரவில்லை! அப்படியானால் எங்கேயிருந்து?" என்று கூவினாள். அவளுக்கும் எனக்கும் இப்போது அதுதான் பேச்சு.

தோழர்களே! எனக்குக் குட்டு வாங்கித் தந்த கேள்வி அது. அதற்கு ஆறு வயதுக் குழந்தை, ஒரு சிட்டிகை மஞ்சளும் ஒரு கந்தைத் துணியும் கொண்டு பாதிப் பதில் கண்டுபிடித்துவிட்டது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு குழந்தை இருக்கின்றது. வருகின்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு கொட்டாங்கச்சியும் ஒரு பிடி பச்சைப் பயறும் எடுத்துக்கொண்டு அதனோடு தரையில் உட்காருங்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றேன்.